குழந்தைகளின் தகவல் நம் கையில்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு இணையப் பாதுகாப்பு. கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லாதீர்கள், ஓடிபி கேட்டால் கொடுக்காதீர்கள் என்பதை நாம் பல கூட்டங்களில் கேட்டுவிட்டோம். அதெல்லாம் திருடனிடமிருந்து தப்பிக்கும் வழி. இன்று நான் திருடனைப் பற்றிப் பேசப் போவதில்லை. நாமே 'சரி' என்று அழுத்தி, நாமே படிவத்தை நிரப்பி, நாமே பட்டியலை அனுப்பி வெளியே விடுகிற தகவலைப் பற்றிப் பேசப் போகிறேன். அதிலும் குறிப்பாக, நம்முடையதாக இல்லாத தகவலைப் பற்றி. நம் வகுப்புக் குழந்தைகளின் தகவலைப் பற்றி.

ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 335, 5,62,455. இந்த இரண்டு எண்களுக்கும் என்ன தொடர்பு?

ஃபேஸ்புக்கில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செயலி இருந்தது. சில கேள்விகளுக்கு விடை சொன்னால் உங்கள் ஆளுமை எப்படிப்பட்டது என்று சொல்லும். அதைப் பயன்படுத்தியவர்களின் விவரத்தை மட்டும் அது எடுக்கவில்லை. அவர்களுடைய நண்பர் பட்டியலில் இருந்தவர்களின் விவரத்தையும் எடுத்தது. அது கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 2018-இல் செய்தி வெளியானபோது உலகமே அதிர்ந்தது. உலக அளவில் 8.7 கோடிப் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு அமெரிக்க அரசின் வணிக ஆணையம் அந்த நிறுவனத்துக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது.

இந்தியாவில் அந்தச் செயலியை நிறுவியவர்கள் வெறும் 335 பேர் என்று ஃபேஸ்புக் சொன்னது. அவர்கள் வழியாகப் பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய இந்தியர்கள், அந்த 335 பேரையும் சேர்த்து, 5,62,455 பேர். வகுத்துப் பாருங்கள். ஒருவர் 'சரி' என்று அழுத்தினால் சுமார் 1,680 பேருடைய விவரம் போயிருக்கிறது. அந்த 1,680 பேரிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இந்தக் கணக்கை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த 335 பேரின் இடத்தில்தான் நாம் ஒவ்வொருவரும் இருக்கிறோம். ஒரு வகுப்பாசிரியர் கையில் நாற்பது குழந்தைகளின் விவரம் இருக்கிறது. தலைமையாசிரியர் கையில் பள்ளி முழுவதும். நம்முடைய ஒரு விரல் அழுத்தத்தில் போவது நம் தகவல் மட்டும் இல்லை.

சரி, இணையத்தில் நம்மைப் பின்தொடர்வது எப்படி நடக்கிறது? அதை முதலில் எளிமையாகப் பார்த்துவிடுவோம்.

ஊரில் மளிகைக்கடை அண்ணாச்சியிடம் ஒரு கணக்கு நோட்டு இருக்கும். நம் வீட்டில் மாதம் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு பருப்பு என்று அவருக்குத் தெரியும். அதனால் நமக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அந்த நோட்டு அந்தக் கடையை விட்டு வெளியே போவதில்லை. ஆனால் ஒரே ஆள் மளிகைக்கடை, மருந்துக்கடை, ஜவுளிக்கடை, நூலகம், டீக்கடை என்று எல்லா வாசலிலும் ஒரு நோட்டோடு உட்கார்ந்திருந்தால்? நாம் எங்கே போனோம், எதை எடுத்துப் பார்த்தோம், எதை வாங்காமல் வைத்துவிட்டு வந்தோம் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டால்? இணையத்தில் நடப்பது இதுதான்.

இதற்கு முதலில் பயன்பட்ட கருவியின் பெயர் குக்கி. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மோன்டுல்லி என்ற பொறியாளர் உருவாக்கியது. அன்றைக்கு நோக்கம் நல்லதுதான். ஓர் இணையதளத்துக்கு மறுபடி போகும்போது, நேற்று வந்தவர்தான் இவர் என்று அந்தத் தளத்துக்குத் தெரிய வேண்டும்; கூடையில் போட்ட பொருள் அப்படியே இருக்க வேண்டும். அதற்காக நம் கணினியில் ஒரு சிறு குறிப்பை, பெரும்பாலும் ஓர் எண்ணை, வைத்துவிட்டுப் போகும். பிறகு விளம்பர நிறுவனங்கள் இதைப் பிடித்துக்கொண்டன. நூறு தளங்களில் ஒரே நிறுவனத்தின் விளம்பரம் இருந்தால், நூறு இடத்திலும் அதே எண்ணை அந்த நிறுவனத்தால் படிக்க முடியும். கைபேசியில் இதே வேலையை விளம்பர ஐடி என்ற எண் செய்கிறது.

"என் பெயர் அவர்களுக்குத் தெரியாதே, வெறும் எண்தானே?" என்று தோன்றும். எட்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கும் அப்படித்தான் தோன்றியது. அதற்காக ஒரு செயல்பாடு செய்து பார்த்தோம். கணினி வேண்டாம், இணையம் வேண்டாம். நான்கு சாக்பீஸ் பெட்டிகளும் துண்டுத் தாள்களும் போதும்.

நான்கு பெட்டிகளுக்கும் பெயர் எழுதினோம்: விளையாட்டுப் பொருள் கடை, தின்பண்டக் கடை, புத்தகக் கடை, பேருந்து நிறுத்தம். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சீட்டு எழுதிப் போட வேண்டும். என்ன வாங்கப் பிடிக்கும், எந்த ஊருக்குப் போகப் பிடிக்கும் என்று மட்டும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைப்பதை எழுத வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டேன். முதல் சுற்றில் சீட்டில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. பெட்டியைப் பிரித்துப் படித்தோம். இது யாருடையது என்று கேட்டால் வகுப்பு திணறியது. "கிரிக்கெட் பந்து" என்று பத்துச் சீட்டு இருந்தால் யாரைச் சொல்வது?

இரண்டாம் சுற்றில் ஒரே ஒரு மாற்றம். ஒவ்வொருவருக்கும் ரகசியமாக ஓர் எண். நான்கு சீட்டிலும் அந்த எண்ணை எழுதிப் போட வேண்டும். பெயர் இப்போதும் கிடையாது. ஒரு மாணவியை விளம்பரக்காரராக நியமித்தோம். அவள் நான்கு பெட்டியையும் கொட்டி, எண் வாரியாக அடுக்கினாள். 17-ஆம் எண்: கேரம் காயின், கடலை மிட்டாய், கோலப் புத்தகம், பாட்டி ஊருக்குப் பேருந்து. படித்து முடிப்பதற்குள் வகுப்பே ஒரு பெயரைக் கத்தியது. அடுத்தடுத்துப் பலரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு மாணவன் கேட்டான்: "பேரே எழுதலையே, அப்புறம் எப்படி மாட்டிக்கிட்டேன்?" அவனுக்கு விடையை நான் சொல்லவில்லை. பின்வரிசையிலிருந்து வேறொரு பிள்ளை சொன்னது: "எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்தாங்க இல்ல, அதான்." இதற்கு மேல் ஒரு வரையறை எந்தப் புத்தகத்திலும் தேவையில்லை.

பெரியவர்கள் உலகத்தில் இதே சோதனை தற்செயலாக நடந்திருக்கிறது. 2006-இல் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம், ஆய்வாளர்களுக்கு உதவும் என்று நினைத்து, சுமார் ஆறரை லட்சம் பயனர்கள் தேடிய சொற்களை வெளியிட்டது. பெயர்களை நீக்கிவிட்டு எண்களைப் போட்டிருந்தது. சில நாட்களில் நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் ஓர் எண்ணுக்கு உரிய மூதாட்டியை அவர் வீட்டுக்கே போய்ச் சந்தித்துவிட்டார்கள். அவர் தேடிய ஊர்ப் பெயரும் உறவினர் பெயரும் உடல்நலக் கேள்விகளும் சேர்ந்து அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டன.

லத்தன்யா ஸ்வீனி என்ற கணினி அறிவியலாளர் இதையே கணக்காகக் காட்டினார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்று மட்டும் தெரிந்தால் அமெரிக்கர்களில் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்பது அவர் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு. இந்த மூன்றும் நாம் தயாரிக்கும் எந்தப் பட்டியலில் இல்லாமல் இருக்கிறது? "பெயரை எடுத்துவிட்டுத்தானே அனுப்பினேன்" என்று நாம் சொல்ல முடியாது.

அடுத்து, நம் உயர்நிலை வகுப்பு மாணவர்கள் நம்பிக்கொண்டிருக்கும் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். கைபேசியில் 'மறைநிலை' என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்தக் கைபேசியில் வரலாறு பதிவாகாது என்பது உண்மை. அம்மா எடுத்துப் பார்த்தால் தெரியாது, அவ்வளவுதான். நாம் போன இணையதளத்துக்கும், இணைய இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்துக்கும் நாம் வந்துபோனது தெரியும். இது தொடர்பாக அமெரிக்காவில் கூகுள் மீது 2020-இல் வழக்குத் தொடரப்பட்டது. மறைநிலையில் உலவியவர்களைப் பற்றிச் சேர்ந்திருந்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிப்பதாக அந்த நிறுவனம் ஒப்புக்கொண்ட உடன்பாடு 2024-இல் வெளியானது. இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்பார்கள். பயமுறுத்துவதற்காக வேண்டாம், உண்மை தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்லுங்கள்.

கல்விச் செயலிகள் இதற்கு விதிவிலக்கா? கொரோனா காலத்தில் உலகம் முழுவதும் வகுப்பறை கைபேசிக்குள் போனது. அப்போது அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் மனித உரிமைகள் கண்காணிப்பகம் என்ற பன்னாட்டு அமைப்பு ஆராய்ந்து 2022-இல் அறிக்கை வெளியிட்டது. நம் நாடு உட்பட 49 நாடுகளில் 163 செயலிகளையும் தளங்களையும் பார்த்தார்கள். பத்தில் ஏறக்குறைய ஒன்பது, குழந்தைகளின் தனியுரிமைக்கு ஆபத்து உண்டாக்கும் விதத்திலோ அதை மீறும் விதத்திலோ தகவலைக் கையாண்டன என்பது அவர்கள் முடிவு. பாடம் கற்க வந்த குழந்தையின் விவரம் விளம்பர நிறுவனங்களுக்குப் போயிருக்கிறது. பாடம் இலவசமாகத்தான் கிடைத்தது. விலையைக் குழந்தை வேறு விதமாகக் கொடுத்தது.

இந்த இடத்தில் எப்போதும் ஒரு கேள்வி வரும். "நாம என்ன தப்பு பண்றோம்? மறைக்கிறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?" நியாயமான கேள்விதான். ஆனால் நாம் தயாரிக்கும் பட்டியலின் தலைப்புகளை ஒரு முறை வாசித்துப் பாருங்கள். சாதி. தாய், தந்தை பெயர். தந்தை இல்லை என்றால் அந்தக் கட்டம் காலி. குடும்ப ஆண்டு வருமானம். சிறப்புத் தேவையுள்ள குழந்தை எனில் அதன் வகை. ஆதார் எண். வங்கிக் கணக்கு எண். பெற்றோர் கைபேசி எண்.

உதவித்தொகைக்காகக் கேட்கிறார்கள், கொடுக்கிறோம், கொடுக்கத்தான் வேண்டும். அதே பட்டியலை, "உங்க பிள்ளை விவரம் சரியா இருக்கான்னு பாருங்க" என்று பெற்றோர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால்? ஒரு பிள்ளையின் சாதியும், இன்னொரு பிள்ளையின் அப்பா விட்டுப் போனதும், மூன்றாவது பிள்ளையின் குறைபாடும் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். மறுநாள் அந்தப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். அந்தக் குழந்தை ஒரு தவறும் செய்யவில்லை. பள்ளியில் கழிப்பறைக்குக் கதவு போடுகிறோம். உள்ளே தப்பு நடக்கிறது என்பதற்காகவா? அது குழந்தையின் மானம் சம்பந்தப்பட்டது என்பதற்காக. தகவலுக்கும் அப்படி ஒரு கதவு வேண்டும்.

பண இழப்பும் உண்டு. "உங்கள் மகளுக்கு உதவித்தொகை வந்திருக்கிறது, இந்தக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள்" என்று பெற்றோரை அழைத்து ஏமாற்றுகிறார்கள். பிள்ளை பெயர், வகுப்பு, பள்ளி எல்லாவற்றையும் சரியாகச் சொல்லும் குரலை எந்தத் தாய் சந்தேகப்படுவார்? ஏமாற்றுபவருக்குத் தேவையானதெல்லாம் ஒரு பட்டியல்.

சட்டம் என்ன சொல்கிறது? ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பு அளித்தார்கள்: தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை. அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையோடு இணைந்தது. அந்த உரிமைக்கு வயது வரம்பு கிடையாது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் உண்டு.

அடுத்து, 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் 18 வயது நிறையாதவர். குழந்தையின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். குழந்தையின் நடத்தையைப் பின்தொடரக் கூடாது. குழந்தையைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. மீறும் நிறுவனத்துக்கு 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி இருக்கிறது. கல்விப் பணிக்காகவும் குழந்தையின் பாதுகாப்புக்காகவும் கல்வி நிலையங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. அந்த விலக்கு நம் வேலை தடைபடக் கூடாது என்பதற்காகக் கொடுத்தது. பட்டியலைக் கண்ட இடத்தில் போடுவதற்காக இல்லை.

இனி, நாளை காலையிலிருந்து நாம் செய்யக்கூடியவை. ஐந்து மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, கேட்டதை மட்டும் கொடுப்போம். எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கை போதும். ஏற்கெனவே இருக்கும் பெரிய எக்செல் கோப்பை அப்படியே அனுப்புவது எளிது என்பது எனக்கும் தெரியும். ஆனால் தேவையில்லாத கட்டங்களை நீக்க இரண்டு நிமிடம்தான் ஆகும். எமிஸ் தளத்தில் ஏற்ற வேண்டியதை அந்தத் தளத்தில் மட்டும் ஏற்றுவோம்.

இரண்டு, குழுவில் பட்டியல் வேண்டாம். ஒரு பிள்ளையின் விவரத்தைச் சரிபார்க்க வேண்டுமென்றால் அந்தப் பெற்றோருக்கு மட்டும் அனுப்புவோம். அல்லது நேரில் காட்டுவோம். வேலை முடிந்ததும் நம் கைபேசியில் இருக்கும் கோப்பையும் ஆதார் நகல் படங்களையும் அழித்துவிடுவோம். வெளியே கடையில் அச்செடுத்தால், அந்தக் கணினியில் நம் கோப்பு தங்கியிருக்கிறதா என்று பார்த்து, அழித்துவிட்டு எழுந்திருப்போம். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் கணக்கிலிருந்து வெளியேறிய பிறகே கணினியை விட்டு நகர வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கும் பழக்குவோம்.

மூன்று, புகைப்படம். பரிசு வாங்கிய பிள்ளையின் படத்தைப் போடுவது நமக்கும் மகிழ்ச்சி. ஆனால் படம், முழுப்பெயர், வகுப்பு, பள்ளி, ஊர் ஐந்தையும் ஒரே பதிவில் போட்டால், சாக்பீஸ் பெட்டி விளையாட்டுதான். பெற்றோரிடம் கேட்டுவிட்டுப் போடுவோம். பிள்ளையிடமும் கேட்போம். வேண்டாம் என்று சொல்ல அதற்கும் உரிமை உண்டு.

நான்கு, ஒரு செயலியை வகுப்புக்குப் பரிந்துரைக்கும் முன் அது கேட்கும் அனுமதிகளைப் பார்ப்போம். வாய்ப்பாடு சொல்லித்தரும் செயலிக்கு இருப்பிடம் எதற்கு? தொடர்பு எண்கள் எதற்கு? காரணம் தெரியாத அனுமதியை மறுத்துவிட்டுப் பயன்படுத்திப் பாருங்கள். மறுத்தால் வேலை செய்ய மாட்டேன் என்று சொன்னால் வேறு செயலியைத் தேடுவோம். நம் பிள்ளைகளில் பலர் பயன்படுத்துவது அப்பா அம்மாவின் கைபேசியைத்தான். செயலி எடுப்பது குடும்பம் முழுவதன் தகவலை.

ஐந்து, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோருக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவோம். அமைப்புகளுக்குள் போய் எந்தச் செயலிக்கு இருப்பிட அனுமதி இருக்கிறது என்று பார்க்கவும், தேவையில்லாததை நிறுத்தவும், புதிய ஆண்ட்ராய்டு கைபேசிகளில் விளம்பர ஐடியை நீக்கவும் கையில் கைபேசியோடு செய்து காட்டுவோம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930, குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. இரண்டு எண்களையும் தகவல் பலகையில் எழுதிவைப்போம்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பாதுகாப்பு என்ற பெயரில் நாமே பிள்ளைகளின் உளவாளியாகிவிடக் கூடாது. கைபேசியைப் பிடுங்கி, தனிப்பட்ட செய்திகளை வகுப்பு முன் வாசிக்கும் ஆசிரியரிடம், உண்மையிலேயே யாராவது மிரட்டும்போது அந்தப் பிள்ளை வந்து சொல்லாது. அதனால் தனியுரிமையை நாம் பாடமாக நடத்துவதோடு, நடத்தையிலும் காட்ட வேண்டும்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் உங்கள் கைபேசியை எடுத்து ஒரே ஒரு வேலை செய்யுங்கள். போன ஆண்டு மாணவர் பட்டியல் எத்தனை இன்னும் அதில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அந்தப் பிள்ளைகள் அடுத்த வகுப்புக்கும் அடுத்த பள்ளிக்கும் போய்விட்டார்கள். அவர்களுடைய ஆதார் எண் மட்டும் நம்மிடம் ஏன் இருக்க வேண்டும்? தேவை முடிந்ததை அழித்துவிட்டுப் பிற்பகல் அமர்வுக்கு வாருங்கள்.